பிரதேச சபை அமர்வில ஊர்ச்சனம் எழும்பிக் கதைக்கலாமோ? ஒரு மதகுப் பிரச்சினை

மதகடி எழுதியது:

வணக்கம். எங்கட ஊர் வன்னிக்குள்ள ஒரு சின்னக் குளத்தடி. ஊர்ப் பேரும் சபையின்ர பேரும் போடேல்ல, நாளைக்கும் அந்த ஆக்களின்ர முகத்திலதான் முழிக்க வேணும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு நான் செயலாளர். கையெழுத்து வடிவெண்டு சொல்லி என்ர தலையில கட்டின பதவி.

விசயம் ஒரு மதகு. பஸ் நிக்கிற சந்தியில இருந்து ஊருக்கு ஒரு கிறவல் றோட்டு வருது. குளக்கட்டில ஏற முதல் அது ஒரு வாய்க்காலைக் கடக்குது. அதில ரெண்டு சீமெந்துக் குழாய் வச்சு மேல மண் போட்டதுதான் எங்கட மதகு. 2010 இல செட்டிகுளம் முகாமில இருந்து திரும்பி வரேக்க அந்த இடத்தில றோட்டெண்டு ஒண்டு இல்லை, நாயுண்ணிப் பத்தைதான். கத்தியோட நிண்டு நாங்களே வெட்டித் திறந்தது. மதகு அதுக்குப் பிறகு ஏதோ ஒரு திட்டத்தில வந்தது. பெயர்ப்பலகை ஒண்டும் நட்டவை. அது விழ, தகரத்தை ஆரோ கோழிக்கூட்டுக்கு எடுத்துக்கொண்டு போட்டினம்.

2025 கார்த்திகை டித்வா புயல் மழைக்கு ஒரு குழாய் உடைஞ்சு கீழ இருந்திட்டுது. இப்ப றோட்டின்ர இடப்பக்கம் ஒரு ஆள் இறங்கி நிக்கிற அளவுக்குக் கிடங்கு. குறுக்கால ரெண்டு பனங்குத்தி போட்டிருக்கிறம். பள்ளிக்கூடப் பிள்ளையள் இறங்கி சைக்கிளை உருட்டித்தான் போகினம். பால் எடுக்க வாற வாகனம் மதகுக்கு அங்காலதான் நிக்கும். பிள்ளைத்தாச்சி ஒருத்திக்கு இரவு குத்துத் தொடங்க, லான்ட்மாஸ்ரர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) பெட்டியில வைக்கல் பரப்பி, மேல மெத்தை போட்டுக் கிடத்தி, வலப்பக்கத்தால ஒட்டிக் கொண்டுபோய்ச் சந்தியிலதான் 1990 இலக்கத்துக்கு அடிச்சுக் கூப்பிட்ட அம்புலன்சில ஏத்தினது. மதகில பெட்டி சரிஞ்ச நேரம் அவள் என்ர கையை இறுக்கின இறுக்கில வளையல் நெளிஞ்சு போச்சு. இப்பவும் நெளிஞ்சபடிதான் போட்டிருக்கிறன்.

சபைக்குக் கடிதம் குடுத்தால், குளத்து றோட்டெண்டால் கமநல (சின்னக் குளங்களைப் பாக்கிற கமநல அபிவிருத்தித் திணைக்களம்) எண்டினம். கமநலவுக்குப் போனால், வீதியெண்டால் சபை எண்டினம். நடமாடும் சேவை நடந்த அண்டு பிரதேச செயலகத்தில குடுத்தன். "உரிய திணைக்களத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது" எண்டு மறுமொழி வந்தது. உரிய திணைக்களம் எது எண்டதுதானே என்ர கேள்வி!

வாற மாச அமர்வுக்குப் பத்துப் பேராப் போவம் எண்டு இருக்கிறம். மதகு, யானை, தெரு லைற், மயானப் பாதை எல்லாத்தையும் அங்க எழும்பிச் சொல்லலாமோ? ஆரிட்ட அனுமதி கேக்க வேணும்? தெரிஞ்சவை சொல்லுங்கோ.

---

பழைய கிளாக்கர் மறுமொழி:

பிள்ளை, உள்ளூராட்சியில மேசை தேய்ச்சவன் நான், அதால கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன்.

அமர்வைப் போய்ப் பாக்கலாம், அது ஒளிச்சு நடத்திற கூட்டமில்லை. ஆனால் பேசுறது உறுப்பினர்தான். தவிசாளர், அதுதான் சபைத் தலைவர், நல்ல மனநிலையில இருந்தால் ஒரு வசனம் விடுவார், அதை நம்பிப் பஸ் ஏறாதையுங்கோ. உங்கட கதை ஒரு உறுப்பினரின்ர முன்மொழிவா உள்ள போக வேணும், இன்னொருத்தர் வழிமொழிய வேணும். அப்பதான் கூட்டறிக்கையில ஏறும். எழும்பி நிண்டு கத்தினதை ஒருத்தரும் எழுதி வைக்கமாட்டினம். இன்னொண்டு, முன்மொழியிறவர் ஒரு கட்சியெண்டால் வழிமொழிய மற்றக் கட்சி ஆளைப் பிடியுங்கோ. ரெண்டு பேரும் ஒரே கட்சியெண்டால் மற்றப் பக்கம் மதகைப் பாக்காது, ஆளைத்தான் பாக்கும்.

அதுக்கு முதல் றோட்டு ஆற்றையெண்டு பிடிக்க வேணும். ஏ, பி வகுப்பு வீதி எண்டால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. சி, டி எண்டால் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். ஊருக்குள்ள மிச்சமெல்லாம் பெரும்பாலும் சபை. ஆனால் குளக்கட்டும் வாய்க்காலும் வேற. 200 ஏக்கர் வரை பாயிற சின்னக் குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்குக் கீழ, அதுக்கு மேல எண்டால் நீர்ப்பாசனம். உங்கட மதகு இந்த ரெண்டும் முட்டுற இடத்தில நிக்குது, அதுதான் பந்தடி.

சபையில வீதிப் பதிவேடு எண்டு ஒண்டு இருக்கும். வீதியின்ர பேர், எங்க தொடங்கி எங்க முடியுது, நீளம் எவ்வளவு, எல்லாம் அதில கிடக்கும். உங்கட றோட்டின்ர பக்கத்தைப் பிரதி கேளுங்கோ. வாயால கேட்டால் "அலுமாரித் திறப்பு இல்லை" எண்டுவினம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எண்டு மேல எழுதித் தகவல் அலுவலருக்குக் குடுங்கோ. ஏன் கேக்கிறியள் எண்டு காரணம் சொல்லத் தேவையில்லை. தாறதோ இல்லையோ எண்டதை 14 வேலை நாளுக்குள்ள அவை முடிவு சொல்லவேணும். உங்கட பிரதியில திகதி முத்திரை குத்தி வாங்காமல் வாசலைத் தாண்டாதையுங்கோ.

யானை, லைற், மயானம் எல்லாத்தையும் இந்தமுறை வீட்டில விட்டிட்டுப் போங்கோ. நாலையும் ஒரு கடிதத்தில எழுதினால் "லைற் போட நடவடிக்கை எடுக்கப்படும்" எண்டு முடிப்பினம், லைற்தான் மலிவு.

மற்றது, அந்தத் தகரம். அது எந்தக் கோழிக்கூட்டில கிடக்கெண்டு பாருங்கோ.

---

ரொறன்ரோ வன்னியன் மறுமொழி:

கூட்டத்தில கதைச்சு எந்த மதகு எழும்பினது? இஞ்ச எங்கட ஊர்ச் சங்கத்தில சொன்னால் ஒரு மாசத்தில காசு சேர்ப்பம். ரெண்டு குழாய், பத்து மூட்டை சீமெந்து. பெடியள் நிண்டால் ஒரு சனி ஞாயிறு வேலை.

---

மதகடி எழுதியது:

அண்ணை, மனசுக்கு நன்றி. ஆனால் கோவிலடிச் சின்ன மதகை வெளிநாட்டுக் காசிலதான் ஒருக்கால் போட்டம். குழாய் சிறிசு எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்ல. மாரிக்குத் தண்ணி பக்கத்தால அரிச்சு மதகு தனிய நிண்டுது, ரெண்டு பக்கமும் வாய்க்கால். இப்பவும் நிக்குது, ஆடுகள் ஏறி நிக்கும். பிறகு சபைக்குப் போனால், "எங்கட அனுமதி இல்லாமல் கட்டினது, எங்களுக்குப் பொறுப்பில்லை" எண்டினம். அதால இந்தமுறை கணக்குத் தெரிஞ்ச ஆள் வந்து பாக்க வேணும் எண்டதில ஊரே ஒத்தக் காலில நிக்குது.

---

வட்டார உறுப்பினர் மறுமொழி:

நான் வேற ஒரு சபையில உறுப்பினர், பேர் வேண்டாம். எங்கட பக்கத்தையும் கேளுங்கோ. 2023 பங்குனியில சபையளின்ர காலம் முடிஞ்சு, 2025 வைகாசித் தேர்தல் மட்டும் உறுப்பினர் எண்டு ஒருத்தரும் இல்லை, செயலாளர்தான் எல்லாம். வந்து இருந்த உடன அந்த ரெண்டு வருசத்துக் கடிதங்களும் எங்கட மடியில. வட்டாரத்துக்கு எண்டு பிரிக்கிற காசு கிறவல் பறிச்சு லெவல் பண்ணக் காணும், மதகு கட்டக் காணாது. எங்கட சபைக்கு வருமானம் எண்டு சொன்னால் சந்தைக் குத்தகையும் கடை வாடகையும்தான் கண்ணுக்குத் தெரியுது.

அதால "மதகு கட்டித் தரவேணும்" எண்டு முன்மொழிவு போடாதையுங்கோ. "நிதி கிடைக்கும்போது" எண்டு சொல்லி மூடிப்போடுவினம். "தொழில்நுட்ப உத்தியோகத்தர் நேரில வந்து அளந்து மதிப்பீடு தயாரிக்க வேணும், கமநலவையும் கூப்பிட வேணும்" எண்டு போடுங்கோ. அதுக்குக் காசு தேவையில்லை, ஒருத்தரும் எதிர்க்கேலாது. மதிப்பீடு கையில இருந்தால்தான் வருசக் கடைசிப் பாதீட்டில சொருகலாம், இல்லாட்டி மாகாண சபை நிதிக்கோ பாராளுமன்ற உறுப்பினரின்ர ஒதுக்கீட்டுக்கோ தூக்கிக்கொண்டு போகலாம்.

---

சிறுபோகம் மறுமொழி:

அக்கா, யானைக் கதை சபையில எடுபடாது. யானை வெடியும் வேலியும் வனசீவராசிகள் திணைக்களம். அதைப் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில எடுக்க வேணும், அங்கதான் எல்லாத் திணைக்களக்காரரும் ஒரு மேசையில இருப்பினம். கமக்காரர் அமைப்புத் தலைவருக்கு அழைப்பு வரும், அவரைப் பிடியுங்கோ. எங்கட தலைவர் போய் மிக்சர் சாப்பிட்டிட்டு வந்தவர், அது வேற.

---

மதகடி எழுதியது (ஒரு மாசத்துக்குப் பிறகு):

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லாமல் விட்டால் பிழை.

ஐயா சொன்னபடி மதகை மட்டும் எழுதினன், ஒரே பக்கம். எங்கட வட்டாரத்தவர் முன்மொழிய, எதிர்க்கட்சி அம்மா ஒராள் வழிமொழிய ஓமெண்டவ. அமர்வுக்கு எட்டுப் பேர் போனம். பின்னுக்கு ஆறு பிளாஸ்ரிக் கதிரை, ஒண்டுக்குக் காலில்லை. முதல் ஒரு மணித்தியாலமும் ஏதோ ஒரு திறப்பு விழா அழைப்பிதழில ஆற்றை பேர் முதல் வந்தது எண்டு சண்டை. எங்களோட வந்த ஆச்சி நித்திரையாப் போனா.

எங்கட விசயம் நாலு நிமிசம். செயலாளர் பதிவேட்டை விரிச்சு, "இந்த வீதி 850 மீற்றர். மதகு அதுக்கு அங்கால எண்டு நினைக்கிறன்" எண்டவர். நினைக்கிறன் எண்டதில ஆச்சி முழிச்சிட்டா. எழும்பி, "தம்பி, உந்தக் கொப்பியை எழுதினவர் எங்கட ஊருக்கு வந்தவரோ?" எண்டு கேட்டா. தவிசாளர் சிரிச்சுப்போட்டு இருங்கோ ஆச்சி எண்டார். கூட்டறிக்கையில அது வராது, தெரியும். ஆனால் ரி.ஓ (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) வந்து அளக்கிறதெண்டு தீர்மானம் ஏறியிட்டுது.

ஒன்பதாம் நாள் ரி.ஓ வந்தார், சின்னப் பெடியன், தனிய. நாடாவின்ர மற்றப் பக்கம் பிடிக்க ஆளில்லை, நான்தான் பிடிச்சன். முப்பது மீற்றர் நாடா. சந்திக் கல்லில இருந்து இருபத்தெட்டுத் தரம் குனிஞ்சு நிமிர்ந்து, பிறகு பத்து மீற்றர். 850 வந்து முடிஞ்ச இடம் ஒரு பாலை மரத்தடி. மதகு அங்கயிருந்து பதினொரு மீற்றர். பெடியன் என்னைப் பாத்தான், நான் அவனைப் பாத்தன். "அக்கா, நான் அளந்ததைத்தான் எழுதலாம்" எண்டான். பிழை சொல்லேலாது. எண்டாலும் கிடங்குக்குள்ள இறங்கிக் குழாயின்ர விட்டத்தையும் அளந்து, படமும் எடுத்துக்கொண்டுதான் போனவன்.

நேற்றுப் பதிவேட்டுப் பிரதியும் தபாலில வந்திட்டுது. அதில கிடக்கிறதை அப்பிடியே போடுறன்: "பிரதான வீதிச் சந்தி தொடக்கம் குளக்கட்டு ஆரம்பம் வரை – 850 மீ."

---

பழைய கிளாக்கர் மறுமொழி:

பிள்ளை, அதைத் திருப்பி வாசியுங்கோ. "குளக்கட்டு ஆரம்பம் வரை." நீங்கள் முதல் எழுதினதில மதகு குளக்கட்டில ஏற முதல் எண்டு சொன்னனீங்கள். எழுத்தின்படி மதகு சபைக்கு உள்ள, இலக்கத்தின்படி வெளியில. ஆரோ ஒரு கிளாக்கர் மோட்டச்சைக்கிள் மீற்றரைப் பாத்து 850 எண்டு போட்டிருப்பான். நானும் அப்பிடிப் போட்டிருக்கிறன், பொய் சொல்லேல்ல.

பிரதியோட தவிசாளருக்கு இன்னொரு கடிதம்: நீளத்தைத் திருத்த வேணும், இல்லாட்டி கட்டு ஆரம்பம் எங்கயெண்டு கமநலவோட சேர்ந்து வந்து காட்டவேணும். ரெண்டு பகுதியும் ஒரே நாளில அந்தப் பாலை மரத்தடியில நிக்க வேணும். தனித்தனிய வந்தால் திரும்பவும் பந்தடிதான். தகரம் என்ன ஆச்சு?

---

மதகடி எழுதியது:

தகரம் பிடிச்சாச்சு ஐயா. மூண்டாம் வீட்டுக் கூட்டில, எழுத்து உள்பக்கமா, கோழி எச்சம் காய்ஞ்சு ஒட்டிப்போய்க் கிடந்தது. தண்ணி ஊத்தித் தேங்காய்த் தும்பால உரஞ்ச, "...நல அபிவிருத்தித் தி..." எண்டு ஒரு வரி, கீழ 2012. மிச்சத்தைக் கறள் திண்டிட்டுது. கட்டினது கமநல எண்டது அதோட சரி. எண்டால் றோட்டு சபையின்ர, மதகு கமநலவின்ரயோ, எனக்கு இன்னும் குழப்பம். கடிதம் ரெண்டு பேருக்கும் எழுதியிட்டன், ஒரே திகதி, ஒரே நேரம், பாலை மரத்தடி எண்டு போட்டு.

நாளைக்குக் கமநல சேவை நிலையத்துக்குத் தகரத்தைச் சைக்கிள் கரியரில கட்டிக்கொண்டு போறன். படம் எடுத்துக் காட்டினால் காணும் எண்டு மகன் சொல்லுறான், எனக்கு நம்பிக்கையில்லை, மேசையில வச்சுத்தான் கதைக்க வேணும். கூட்டுக்காரி அதுக்கிடையில மாற்றுத் தகரம் கேக்கிறா. மழைக்கு முதல் வேணுமாம். ரொறன்ரோ அண்ணை, உங்கட சங்கத்தால ஒரு தகரம் முடியுமோ?