மரபுப் பகுதி வீடுகளில் கூடுதல் கட்டுமானம்: குழுவில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஐந்தாம் நாற்காலி

மரபுப் பகுதி வீடுகளில் மாற்றத்துக்கு அனுமதி தரும் குழுவில் உட்கார்ந்திருப்பவன் நான். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. ஒரு விண்ணப்பம் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது, அதனால் எழுதுகிறேன்.

இரண்டு மாடி வீடு. முகப்பிலிருந்து பின்னால் தள்ளி மூன்றாவது மாடி கேட்டிருந்தார்கள். பிளான், எலிவேஷன் (வெளிப்பக்கத்தை நேராகக் காட்டும் வரைபடம்) எல்லாம் சுத்தமாக இருந்தன. கூடவே கம்ப்யூட்டரில் செய்த தெருக்காட்சி ஒன்று. அதில் புது மாடி தெரியவே இல்லை. காரணம், முன்னால் ஒரு பெரிய மரம் இலை அடர்ந்து நிற்கிறது. பக்கத்தில் இருந்த உறுப்பினர் கேட்டார்: "இலை உதிர்ந்தால்?" உரிமையாளர் அசரவில்லை. "மரபு என்று மரத்தையும் சேர்த்துத்தானே சார் சொல்கிறீர்கள்?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஓட்டெடுப்பில் அனுமதியும் கிடைத்துவிட்டது. நான் எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டேன், ஆனால் அவர் கேட்டதற்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை. மரம் எங்கள் அதிகாரத்தில் வராது. எங்களுக்குக் காட்டிய படத்தில் மட்டும் இருக்கிறது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருக்கும். எழுதுங்கள்.

பின்னறை

விண்ணப்பம் போட்டவர்கள் பக்கத்திலிருந்து ஒன்று.

அம்மாவால் மாடி ஏற முடியாது. கீழே, வீட்டுக்குப் பின்னால், ஒரு அறையும் குளியலறையும் கேட்டோம். தெருவிலிருந்து ஒரு செங்கல்கூடத் தெரியாது. நேரில் பார்க்க வந்த உறுப்பினர் வாசல் கதவருகே நின்றுவிட்டார். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "இது பழைய கதவு இல்லையே" என்றார். நாங்கள் வாங்கும்போதே அந்தக் கதவுதான். அதையும் சொன்னேன். அதற்குள் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

அம்மா கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார். அறை யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அனுமதி வந்தது, கதவை மாற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு. பின்னால் கட்டும் அறைக்கும் வாசல் கதவுக்கும் என்ன சம்பந்தம்?

ஐந்தாம் நாற்காலி சார், மரக் கதையை ரசித்தேன். ஆனால் நீங்கள் எல்லோரும் தெருவில் நின்றே வீட்டைப் பார்க்கிறீர்கள். உள்ளே ஆள் இருக்கிறார்கள்.

அளவுகோல்

பின்னறை, வருத்தம் புரிகிறது. நான் கட்டட வடிவமைப்பாளர். என் கதை சின்னது.

ஒரு மேல்மாடிக்கு எதிர்வீட்டுக்காரர் ஆட்சேபணை எழுதியிருந்தார், வெளிச்சம் போய்விடும் என்று. மொட்டைமாடியின் மூலைகளில் கம்பு நட்டு, வரப்போகும் உயரத்தில் ஆரஞ்சு நாடா கட்டினோம். அவர் வெளியே வந்து பார்த்தார், தன் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தார், திரும்பி வந்து "இவ்வளவுதானா?" என்றார். ஆட்சேபணையை வாபஸ் வாங்கிவிட்டார். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. நேர் எதிரே நின்றால் மறைந்துபோகும் நாடா, தெருமுனைக்குப் போனதும் முழுசாகத் தெரிந்தது. எலிவேஷனில் அது வரவே வராது. எலிவேஷன் எந்த மனிதக் கண்ணும் பார்க்காத படம். ஒவ்வொரு பகுதியையும் அதே உயரத்தில் நேராக நின்று பார்த்த மாதிரி காட்டும்.

அதனால் விண்ணப்பம் போடப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முதலில், தெருவின் இரண்டு முனையிலிருந்தும் கண் உயரத்தில் போட்டோ எடுங்கள். எத்தனை அடி பின்னால் தள்ளினால் மறையும் என்பதற்குப் பொதுவான அளவு கிடையாது, தெரு எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்தது. குறுகலான தெருவில் நாம் அண்ணாந்து பார்க்கிறோம், முகப்பே மேலே இருப்பதை மறைத்துவிடும். அகலமான தெருவில் அதே மாடி தலைகாட்டும். அப்புறம், இருப்பது, இடிப்பது, புதிதாகக் கட்டுவது மூன்றையும் வேறு வேறு நிறத்தில் காட்டுங்கள். பாதிக் குழுக்கள் கோபப்படுவது கட்டுவதற்காக இல்லை, இடிப்பதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதற்காக. லிப்ட் அறை, தண்ணீர்த் தொட்டி, ஏசி வெளிப்பெட்டி, சோலார் தகடு எல்லாவற்றையும் முதலிலேயே வரைந்துவிடுங்கள். புதுக் கூரை பழைய கூரையைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருந்தால் பாதிச் சண்டை குறையும்.

பழையதும் புதியதும் சேரும் இடத்தில்தான் காசு செலவழிக்க வேண்டும். பழைய அஸ்திவாரம் உட்கார்ந்து முடித்திருக்கும், புதியது இனிமேல்தான் உட்காரும். இரண்டையும் இறுக்கிக் கட்டினால் விரிசல் நிச்சயம். இடைவெளி விட்ட இணைப்பு கொடுங்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரில், செங்கற்களுக்கு நடுவே உள்ள இடுக்குகளில் சிமெண்டை அடைக்காதீர்கள். ஈரம் சாந்து வழியாக வெளியேற முடியாமல் செங்கல் வழியாகப் போகும், செங்கலின் முகம்தான் உதிரும். பழைய சுவரை உடைத்து வாசல் வைப்பதற்குப் பதில், இருக்கிற ஜன்னலைக் கீழே இறக்கி வாசலாக்க முடியுமா என்று பாருங்கள். நாளைக்குப் புதியதைக் கழற்றினால் பழைய கட்டடம் முழுசாக நிற்குமா? இந்தக் கேள்வியைக் குழு கேட்பதற்கு முன் நீங்களே கேட்டுவிடுங்கள்.

பின்னறை

நன்றி. அறை கட்டி முடித்தாயிற்று. நான் கேட்டது கதவைப் பற்றி.

இரண்டாம் வரைவு

அளவுகோல் சொன்னதெல்லாம் சரி, ஆனால் குழு ஒரே பேச்சு பேசும் என்று நினைத்து எழுதியிருக்கிறார்.

நாங்கள் பக்கவாட்டில் ஒரு சேர்க்கை கேட்டோம். பழைய வீட்டின் ஜன்னல், கார்னிஸ் (சுவர் உச்சியின் அலங்கார விளிம்பு), கூரைச் சாய்வு எல்லாம் அப்படியே எடுத்து வரைந்திருந்தோம். ஒரு உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "இது போலி வரலாறு. எது பழையது, எது புதியது என்று நாளைக்கு யாருக்குத் தெரியும்?" சரி என்று மாற்றினோம். தட்டையான கூரை, பெரிய கண்ணாடி, எளிமையான சுவர். அடுத்த கூட்டத்தில் அதே ஆள், அதே மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "தெருவோடு ஒட்டவே இல்லையே" என்றார். முந்தின கூட்டக் குறிப்பை நீட்டினேன். வாங்கிப் படித்துவிட்டு, "ஆமாம், அதுவும் சரிதான்" என்றார். அந்த "அதுவும்" இன்னும் காதில் கேட்கிறது.

இரண்டுமே அவர் சொந்தமாகச் சொன்னது இல்லை என்பதுதான் கடுப்பு. பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிய 1964 வெனிஸ் சாசனம், தவிர்க்க முடியாத புது வேலை பழைய அமைப்பிலிருந்து வேறுபட்டு, தன் காலத்து முத்திரையோடு இருக்க வேண்டும் என்கிறது. அதே சாசனம் இன்னொரு இடத்தில், சேர்க்கை கட்டடத்தின் சமநிலையையும் சுற்றுப்புறத்தோடு உள்ள உறவையும் கெடுக்கக் கூடாது என்கிறது. அமெரிக்க உள்துறையின் மறுசீரமைப்பு விதிகளில் 9-வது இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறது: வேறுபடவும் வேண்டும், பருமனிலும் அளவிலும் பொருந்தவும் வேண்டும். நல்ல வடிவமைப்பாளர் இதற்குள் வழி கண்டுபிடிப்பார், மறுக்கவில்லை. ஆனால் குழு ஒரு கூட்டத்தில் முதல் பாதியையும் அடுத்த கூட்டத்தில் இரண்டாம் பாதியையும் எடுத்தால், எதைக் கொண்டுபோனாலும் திருப்பி அனுப்பலாம். எங்களுக்குக் கடைசியில் அனுமதி கிடைத்தது உறுப்பினர்கள் மாறிய பிறகு.

சொந்த மனை

இதனால்தான் சொல்கிறேன், குழுவே வேண்டாம். என் வீடு, என் கூரை. என் அனுபவமா? பால்கனிக் கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடி கேட்டேன். ஒரு அம்மா, "உங்கள் தாத்தா காலத்தில் கண்ணாடியா இருந்தது?" என்றார். தாத்தா அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை.

ஐந்தாம் நாற்காலி

சொந்த மனை, கண்ணாடி விஷயத்தில் நான் உங்கள் பக்கம். குழுவே வேண்டாம் என்பதில் இல்லை. 1931-ல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரம் பழைய பகுதிக்கென்று தனி விதி போட்டு, மாற்றங்களைப் பார்க்கக் குழு வைத்ததிலிருந்து இந்தச் சண்டை நடக்கிறது. நியூயார்க்கில் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் தலைக்கு மேல் 50 மாடிக்கும் மேலான கோபுரம் கட்டக் கேட்டார்கள். கட்டடக் கலைஞர் மார்செல் பிராயர் வரைந்தது. குழு மறுத்தது, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது, 1978-ல் 6-க்கு 3 என்று குழுவின் பக்கம் தீர்ப்பு. நிலையம் ஏற்கெனவே செய்துவந்த வேலையைத் தொடரலாம், கட்ட முடியாத உயரத்தை அக்கம்பக்கத்தில் நிலையத்தின் உரிமையாளர்களுக்கு இருந்த மனைகளுக்கு மாற்றிக்கொள்ள வழியும் இருந்தது. அதையெல்லாம் பார்த்துத்தான் தீர்ப்பு. உங்கள் உரிமை போய்விடவில்லை, அதற்கு ஒரு எல்லை இருக்கிறது, அவ்வளவுதான்.

பின்னறை, உங்கள் கதவு நிபந்தனை தப்பு. கேட்காத வேலையை அனுமதியோடு பிணைத்துத் தரக் கூடாது. மேல்முறையீட்டுக்கு இடம் இருந்தால் இப்போதும் போகலாம்.

முட்டுக்கட்டை

நான் அனுமதிக்குப் பிறகு தளத்துக்குப் போய்ப் பார்க்கிற ஆள். நீங்கள் கூட்டத்தில் சண்டை போட்டு முடித்த பிறகுதான் என் வேலை ஆரம்பம்.

வரைபடத்தில் பக்கச் சுவர் மேல் "பாதுகாக்கப்படும்" என்று பெரிசாக எழுதியிருந்தது. அந்தச் சுவருக்காகத்தான் குழு ஒரு மாடியே விட்டுக்கொடுத்தது. போய் நின்றேன். சுவர் இருந்த இடத்தில் சுவர் இருந்தது, ஆனால் புதுச் செங்கல், சாந்து இன்னும் ஈரம். பழைய செங்கல் எங்கே என்றேன். மேஸ்திரி வானத்தைப் பார்த்தபடி, "தானா விழுந்துடுச்சு சார்" என்றார். முட்டுக் கொடுத்தீர்களா? "கொடுக்கிறதுக்குள்ள விழுந்துடுச்சு."

தரையில் ஒரு பழைய செங்கல்கூட இல்லை. விழுந்த சுவர் இவ்வளவு சுத்தமாகத் தன்னைத்தானே அள்ளிக்கொண்டு போகுமா? வேலையை நிறுத்தச் சொல்லி எழுதினேன். மேலே இருப்பவர்கள் அபராதத்தோடு முடித்துக்கொண்டார்கள். கூடுதலாகக் கிடைத்த மாடி அப்படியே இருக்கிறது. சுவர் போனதால் லாபம் யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை.

அளவுகோல், உங்கள் நீளமான பட்டியலில் முட்டு இல்லை. வேலை நடக்கும்போது பழைய சுவரை எது தாங்கும், எந்த வரிசையில் கழற்றுவார்கள் என்று தனி வரைபடம் கேட்க வேண்டும். பழைய செங்கலை எங்கே அடுக்குவார்கள் என்பதும் அதில் வர வேண்டும்.

அளவுகோல்

அது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வேலை. ஆனாலும் சரி, சேர்த்துக்கொள்ளுங்கள். முட்டு விஷயத்தில் நானும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ராத்திரி விரிவாக எழுதுகிறேன்.

பின்னறை

ஐயோ.