அப்போது பிடிக்காத படம், இப்போது பார்க்க முடியாத படம்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தண்டையார்பேட்டை தமிழ்

மகாநதி பற்றி யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும், அதனால்தான் எழுதுகிறேன். கதை எல்லாருக்கும் தெரியும். 1994 பொங்கலுக்கு வந்த படம், நான் அப்போது ஸ்கூல் பையன். தெருவில் காசு சேர்த்து வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து ராத்திரி முழுக்கப் படம் ஓட்டுவார்கள் இல்லையா, அப்படி ஒரு ராத்திரியில் கடைசிப் படமாகப் போட்டார்கள். பாதியில் தூங்கிவிட்டேன். அழுகைப் படம் என்று மனசில் பதிந்துவிட்டது, பல வருஷம் அப்படியே இருந்தது.

அப்புறம் அப்பா ரிடையர் ஆன பணத்தை ஒரு கம்பெனியில் போட்டார். மாசாமாசம் வட்டி என்றார்கள். கொஞ்ச நாள் வந்தது. பிறகு ஷட்டர் இறங்கிவிட்டது. அந்த நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் மகாநதி. நான் உள்ளே வந்தபோது அப்பா ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தார். மாற்றவும் தோன்றவில்லை, உட்காரவும் தோன்றவில்லை, கதவோரமாக நின்றேன். கும்பகோணம் பக்கம் கௌரவமாக வாழ்ந்த மனுஷன் மெட்ராஸ் வந்து சீட்டு கம்பெனி ஆசையில் மாட்டுகிறார். கொச்சின் ஹனீபா இனிக்க இனிக்கப் பேசி ஆசை காட்டும் இடம். அப்பா திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "எங்கிட்ட பேசினவனும் இப்படித்தான்டா சிரிச்சான்."

ஹனீபா பின்னாளில் செய்த காமெடி வேஷங்களாலோ என்னவோ, அந்தச் சிரிப்பை நான் அதுவரை பயமாகப் பார்த்ததே இல்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இப்போது எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். படத்தில் மகளாக வரும் அந்தப் பெண் தூக்கத்தில் உளறும் காட்சி வருவதற்கு முன்பே எழுந்து போய்விடுகிறேன். படம் பிடிக்கிறதா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை. பெரிய படம் என்பது மட்டும் தெரிகிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

கொடுங்கையூர் அக்கா

எனக்கு 'வீடு' படம். பாலு மகேந்திரா, 1988. தூர்தர்ஷனில் ஞாயிறு மதியம் போடும் விருதுப் படங்களில் ஒன்றாகச் சின்ன வயதில் பார்த்தது. பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. அர்ச்சனா ஆபீஸ் ஆபீஸாக அலைந்துகொண்டே இருப்பார். எப்போது முடியும் என்று உட்கார்ந்திருந்தேன்.

இப்போது கொடுங்கையூரில் அரை கிரவுண்டில் கட்டிக்கொண்டிருக்கிறோம். லோன் ஒரு பகுதி வந்திருக்கிறது, அடுத்த பகுதிக்கு பேங்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். இந்த நிலைமையில் போன மாதம் தூக்கம் வராமல் யூடியூபில் போட்டேன். சின்ன வயதில் அலுப்பாக இருந்த ஒவ்வொரு காட்சிக்கும் இப்போது நெஞ்சு அடித்துக்கொண்டது. லோனுக்கு அலைவது, பிளான் அப்ரூவல், காண்ட்ராக்டர் சிமெண்ட்டில் கை வைப்பது, எல்லாமே அன்று காலையில்தான் எனக்கு நடந்த மாதிரி இருந்தது.

எதையும்விட அந்தத் தாத்தா. சொக்கலிங்க பாகவதர். பாதி எழும்பிய வீட்டுக்குள் போய்ச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். என் மாமியாருக்கு முட்டி வலி, புளியந்தோப்பிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கி, பூசாத செங்கல் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றதை அதற்கு முந்தின வாரம்தான் பார்த்திருந்தேன். அவர் என்னிடம் அவ்வளவாகப் பேச மாட்டார். அந்தக் காட்சிக்குப் பிறகு நான்தான் போன் செய்து பேசினேன்.

படத்தின் முடிவு தெரியும்தானே? மெட்ரோ வாட்டர் எடுத்துக்கொண்ட இடம் என்று ஆள் வந்து நிற்பார். பார்த்த கையோடு வீட்டுக்காரரை எழுப்பி வில்லங்கச் சான்றிதழை வெளியே எடுக்கச் சொன்னேன். அவர் திட்டிக்கொண்டேதான் எடுத்தார், எடுத்த பிறகு அவரும் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தார்.

காசிமேட்டுக்காரன்

அன்பே சிவம். 2003 பொங்கல். நாங்கள் போனது தூள் பார்க்க. டிக்கெட் இல்லை, சரி, வந்ததற்கு இதையாவது பார்ப்போம் என்று போனோம். விக்ரமுக்குக் கத்தத் தயாராகப் போனவன் முன்னால் கமலும் மாதவனும் ரயில், பஸ், வெள்ளம் என்று பேசிக்கொண்டே போனால் எப்படி இருக்கும்? அதில் கமல் சுனாமி பற்றிச் சொல்வார். தியேட்டரில் ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. நானும்தான்.

2004 டிசம்பர் 26 பற்றி இங்கே விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீடு போய்விட்டது, ஆட்கள் தப்பித்தோம். பக்கத்து வீட்டில் அப்படி இல்லை. திருவொற்றியூர் கார்கில் நகர் தகரக் கொட்டகையில் இருந்தபோது ஒருவர் டிவி வைத்திருந்தார், சுற்றி எல்லாரும் உட்கார்ந்து பார்ப்போம். ஒருநாள் அன்பே சிவம். சுனாமி என்று கமல் சொன்னதும் அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் அமைதியானோம். குழந்தைகள்கூட. தகரத்தில் காற்று அடிக்கும் சத்தம் மட்டும். பக்கத்து வீட்டு அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே போனார்.

மீதிப் படத்தை நான் பார்த்த விதமே வேறு. முகம் சிதைந்த மனுஷன் எதற்காக எல்லாரிடமும் அன்பாக இருக்கிறான் என்பது எனக்கு அந்தக் கொட்டகையில்தான் புரிந்தது. அந்த நாட்களில் முன்பின் தெரியாதவர்கள் சோறு கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள்.

வியாசர்பாடி விமர்சகன்

தண்டையார்பேட்டை அண்ணன் எழுதியதில் எனக்கு உடன்பாடில்லை. அப்பா பணம் போனது கொடுமை, அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் நீங்கள் படத்தைப் பார்க்கவில்லை, உங்கள் அப்பாவைப் பார்த்தீர்கள். அதை வைத்துப் படம் பெரியது என்று எப்படிச் சொல்ல முடியும்? அதே நிலைமையில் சுமாரான ஒரு சீரியல் ஓடியிருந்தாலும் நீங்கள் கலங்கியிருப்பீர்கள்.

என்னைக் கேட்டால் மனநிலையைவிட எதிர்பார்ப்புதான் காரணம். ஆயிரத்தில் ஒருவன் 2010 பொங்கலுக்கு வந்தபோது பருத்திவீரன் கார்த்தியை எதிர்பார்த்துப் போனேன். இரண்டாம் பாதியில் சோழர்கள் பட்டினியில் கிடக்கும் இடத்தில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்தே போய்விட்டார். 2021 டிசம்பர் கடைசி நாளில் மறுபடி ரிலீஸ் செய்தார்கள். அன்றைக்கு எனக்கு வேலையில் பெரிய பிரச்சினை, மனசு சரியே இல்லை. இருந்தும் அதே காட்சிகளை இமை கொட்டாமல் பார்த்தேன். சுற்றிலும் விசில். பார்த்திபன் வந்ததும் பின்னால் இருந்த பையன் ஒவ்வொரு வசனத்தையும் கூடவே சொன்னான். 2010இல் என்ன வரப்போகிறது என்று தெரியாமல் போனோம், 2021இல் தெரிந்தே போனோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

தண்டையார்பேட்டை தமிழ்

தம்பி, நீங்கள் சொல்வது பாதி சரி. ஆனால் சுமாரான சீரியலில் அந்தச் சிரிப்பு இருந்திருக்காது. ஏமாற்றுகிறவன் எப்படிச் சிரிப்பான் என்று எழுதியவருக்கும் நடித்தவருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் அப்பா அடையாளம் கண்டுகொண்டார். என் நிலைமை அதைப் பார்க்கக் கண் கொடுத்தது, நான் பார்த்தது படத்தில் முன்பே இருந்த ஒன்று.

பெரம்பூர் ரயில்வே

மெட்ராஸ் படம் 2014இல் பிடித்தது, அப்புறம் காய்ச்சலில் படுத்திருந்தபோது பார்த்தால் கட்சிக்காரர்கள் சண்டை போடும் அந்தச் சுவர் மட்டும் கண்ணுக்குள் நின்றது, மற்றது எதுவும் ஏறவில்லை. என் அனுபவம் அவ்வளவுதான். ஆனால் மேலே எழுதிய இரண்டு பேருக்கும் முக்கியமான விஷயம் சொல்ல வேண்டும்.

தண்டையார்பேட்டை தம்பி, அப்பா விஷயத்தில் புகார் கொடுத்தாயிற்றா? இல்லை என்றால் உடனே பொருளாதாரக் குற்றப்பிரிவில் கொடுங்கள். தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புக்கு 1997இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, அதன் கீழ் கம்பெனி சொத்தை முடக்க முடியும். ரசீது, பாஸ்புக், பேங்க் ஸ்டேட்மெண்ட், அவர்கள் கொடுத்த நோட்டீஸ், வாட்ஸ்அப் மெசேஜ், ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். பணம் போட்ட மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு போங்கள். தனியாளாகப் போனால் அலைய விடுவார்கள்.

இன்னொன்று. மகாநதி பார்த்துவிட்டு சீட்டு என்றாலே பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பதிவு செய்த சீட்டு வேறு. அதற்கு 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம் இருக்கிறது, பதிவுத் துறையில் அனுமதி வாங்காமல் சீட்டு தொடங்கவே கூடாது. நடத்துகிறவர் எடுக்கும் கமிஷனுக்கும் வரம்பு உண்டு, முன்பு 5 சதவீதம், 2019 திருத்தத்தில் 7 ஆக்கினார்கள். சேருவதற்கு முன் பதிவு எண்ணைக் கேளுங்கள், கேட்டால் முகம் சுளிக்கிறவரிடம் சேராதீர்கள். நிச்சய வட்டி தருகிறேன் என்று டெபாசிட் வாங்குவது சீட்டே கிடையாது.

கொடுங்கையூர் தங்கைக்கு: காண்ட்ராக்டருக்கு மொத்தமாக அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். அஸ்திவாரம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் விட்டம்), தளம் என்று வேலை முடிய முடியக் கொடுங்கள். சிமெண்ட் மூட்டையை வரும்போது எண்ணி, காலி சாக்கையும் எண்ணி வையுங்கள். தளம் போட்ட பிறகு அதன் மேல் தண்ணீர் கட்டி வைப்பதில் கஞ்சம் கூடாது, ஒரு வாரமாவது நிற்க வேண்டும். மழை நாளில் கான்கிரீட் போடுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மேலே ஓவர்ஹெட் டேங்க் எங்கே வருகிறது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள், பிறகு சொன்னால் பில்லர் தாங்காது.

எர்ணாவூர் இரவுப்பணி

எல்லாரும் பிடிக்காதது பிடித்த கதை சொல்கிறீர்கள். எனக்குத் தலைகீழ். பஞ்சதந்திரம் எனக்கு மருந்து. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து அந்த ஐந்து பேரும் போனில் பேசிக்கொள்ளும் காட்சியைப் போட்டால் சிரித்துக்கொண்டே தூங்கிவிடுவேன். கிரேசி மோகன் வசனம் வரிசையாக மனப்பாடம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். எங்கள் பக்கம் வந்தது வெறும் மழைத் தண்ணீர் இல்லை, எண்ணெய் கலந்த தண்ணீர். வடிந்த பிறகும் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு. எத்தனை முறை கழுவினாலும் நாற்றம் போகவில்லை, சோற்றில்கூட அந்த வாசனை. கரண்ட் வந்த அன்று பிள்ளைகள் சிரிக்கட்டும் என்று பஞ்சதந்திரம் போட்டேன். போன் காட்சி வந்தது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சின்னவன் திரையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தான், நான் எப்போது சிரிப்பேன் என்று.

அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் போடவே கை வரவில்லை. வியாசர்பாடி தம்பி, நான் எதிர்பார்த்தது அதே பழைய படத்தைத்தான். ஒரு வசனம்கூட மாறவில்லை. உங்கள் எதிர்பார்ப்புக் கணக்கு இதற்கு ஒத்துவரவில்லை.

வியாசர்பாடி விமர்சகன்

அண்ணே, இதற்கு என்னிடம் பதில் இல்லை. நகைச்சுவைக்கு மனசு ஒத்துழைத்தே ஆக வேண்டும் போல. சோகப் படத்துக்கு நான் சொன்னது இன்னும் செல்லும் என்றுதான் நினைக்கிறேன்.

புளியந்தோப்புப் பையன்

காக்கா முட்டை. 2015இல் காலேஜ் நண்பர்களோடு பார்த்தேன், எல்லாரும் வேறு ஏரியா. பீட்சா கடையில் பெரியவனை அறையும் காட்சியில் அவர்கள் அய்யோ பாவம் என்றார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து அய்யோ பாவம் என்றேன், அந்தப் பிள்ளைகள் எங்கேயோ தூரத்தில் இருக்கிறவர்கள் மாதிரி. நல்ல படம், வெளியே வந்து சாப்பிடப் போனோம்.

ரெண்டு வருஷம் முன்னால் அம்மாவோடு வீட்டில் பார்த்தேன். அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர். பாட்டி நோட்டீஸில் இருக்கும் படத்தைப் பார்த்துப் பார்த்து தோசைக்கல்லில் பீட்சா செய்வாரே, அங்கே தியேட்டரில் பயங்கரச் சிரிப்பு. அம்மா சிரிக்கவில்லை. "வெங்காயம், குடமிளகா எல்லாம் போட்டிருக்கு, அந்தக் கெழவி எவ்ளோ செலவு பண்ணியிருக்கும் பாரு" என்றார். வேலை செய்கிற வீட்டில் பார்த்து வந்த நூடுல்ஸை எனக்காக அம்மா சேமியாவில் செய்து கொடுத்ததும், இது அது இல்லை என்று நான் தட்டைத் தள்ளியதும் ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு ஞாபகம் வந்ததா என்று கேட்கவில்லை.

இதில் மனநிலையும் இல்லை, எதிர்பார்ப்பும் இல்லை. பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு.

காசிமேட்டுக்காரன்

புளியந்தோப்புத் தம்பி சொன்னது சத்தியம். பிற்பாடு எர்ணாவூர் குடியிருப்பில் வீடு கிடைத்து, நான் மட்டும் தனியாக அன்பே சிவம் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கொட்டகையில் பார்த்த படம் அது இல்லை.

கொடுங்கையூர் அக்கா

பெரம்பூர் அண்ணா, அட்வான்ஸ் முன்பே கொடுத்தாயிற்று, இனி வேலைக்கு ஏற்றபடிதான். சாக்கு எண்ணுவது நல்ல யோசனை, நாளையிலிருந்து மாமியாரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்கப் போகிறேன், அவரும் தினமும் வர ஒரு காரணம் கேட்டுக்கொண்டிருக்கிறார். தளம் அடுத்த வாரம். டேங்க் எந்தப் பக்கம் வைத்தால் நல்லது என்று சொல்லுங்கள், வாசல் கிழக்கு.