பட்டியலா, பழகும் இடமா? அன்றாட ஆங்கிலம் படிப்பது பற்றி ஒரு வாதம்

தக்கலை வாசகன்:
ஒரு நாளைக்கு 30 ஆங்கிலச் சொல், எதிரே தமிழ்ப்பொருள், மறுநாள் ஒப்பித்தல். இந்த முறையைக் கைவிட வேண்டும் என்கிறேன். 'கெட்' என்றால் 'பெறு' என்று எழுதிப் படித்த பிள்ளையிடம் 'கெட் ஆஃப் அட் வடசேரி', 'இட்ஸ் கெட்டிங் டார்க்', 'ஐ டிடிண்ட் கெட் யூ' மூன்றையும் சொல்லிப் பாருங்கள். வடசேரியில் இறங்கு, இருட்டிக்கொண்டு வருகிறது, நீங்கள் சொன்னது புரியவில்லை. எதில் 'பெறு' இருக்கிறது? ஒரு சொல் எங்கே, எதற்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பார்த்தால்தான் அதன் பொருள் பிடிபடும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்குத் தனியாகச் சான்று தேட வேண்டாம். தோவாளையிலிருந்து, மலையாளம் கலந்து பேசும் மார்த்தாண்டம் பக்கம் போகிறவர் கையில் அகராதி இல்லை. டம்ளரை நீட்டி 'கொஞ்சம் வெள்ளம் தாங்க' என்று ஒருவர் கேட்டால், அது ஆற்றில் வரும் வெள்ளம் இல்லை, குடிதண்ணீர் என்று அந்த நிமிடமே தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தையும் அப்படியே பழகலாம்.

குழித்துறை டீச்சர்:
தம்பி, மலையாளத்தை இதற்கு இழுக்காதீர்கள். அங்கே வாக்கியத்தில் 'வெள்ளம்' ஒன்றுதான் புதுசு. மிச்சமெல்லாம் தமிழ்க் காதுக்கு ஏற்கெனவே புரிகிறது. ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது. துணையில்லாமல் ஒரு கதையைப் படித்துப் புரிந்துகொள்ள, அதில் உள்ள சொற்களில் 98 சதவீதம் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று மொழிக் கல்வி ஆய்வாளர்கள் ஹூ, பால் நேஷன் இருவரும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அதாவது 50 சொல்லுக்கு ஒன்றுதான் தெரியாததாக இருக்கலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஆங்கிலச் செய்தித்தாளைத் திறந்தால் வரிக்கு இரண்டு மூன்று தெரியாத சொல் வரும். ஊகிக்கப் பிடிமானமே இருக்காது.

இன்னொன்று. மலையாளத்திலேயே ஊகம் காலை வாரும். 'ஒரு அவசரம் கூடி தராம்' என்று அவர்கள் சொன்னால் இன்னொரு வாய்ப்புத் தருகிறேன் என்று பொருள். நம் ஆள் என்ன அவசரமோ என்று எழுந்து ஓடுவார். கண்ணுக்குத் தெரிகிற பொருளை இடம் காட்டிக்கொடுக்கும். கருத்தைக் காட்டிக்கொடுக்காது.

குளச்சல் கடற்காற்று:
செவிலியர் வேலைக்கு வெளிநாடு போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பக்கத்திலிருந்து சொல்கிறேன். டீச்சர் சொல்கிற ஆபத்து நிஜம். 'பாஸ் அவுட்' என்றால் நமக்குப் படிப்பை முடிப்பது. பிரிட்டிஷ் வார்டில் 'ஹி பாஸ்டு அவுட்' என்றால் மயங்கி விழுந்துவிட்டார். 'பாஸ்டு அவே' என்றால் இறந்துவிட்டார். 'ஹேவ் யூ பாஸ்டு வாட்டர்?' என்பது சிறுநீர் போனதா என்ற கேள்வி. சூழலை மட்டும் நம்பினால் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாயா என்று கேட்பதாகத் தோன்றும். 'ஆஃப் மை ஃபுட்' என்று நோயாளி சொன்னால் சாப்பாட்டின்மேல் விருப்பமே இல்லை என்று அர்த்தம். இவற்றை ஊகத்துக்கு விடக்கூடாது. முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தாக வேண்டும்.

தக்கலை வாசகன்:
ஊகித்ததோடு நிறுத்து என்று நான் சொல்லவில்லையே. ஊகிப்பதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் அது பெயரா, வினையா, பண்பைச் சொல்வதா என்று பார்க்க வேண்டும். அடுத்து அதே வாக்கியத்தில் யார், யாருக்கு, என்ன செய்தார் என்பது. பிறகு 'பட்', 'பிகாஸ்', 'ஸோ' போன்ற இணைப்புகளைப் பிடித்து முன்வரி பின்வரி. அதற்குப் பிறகுதான் ஒரு பொருளை ஊகித்து, அதை அந்த இடத்தில் வைத்துப் படித்துப் பார்க்க வேண்டும். கடைசியாக அகராதி. கற்பவர்கள் தவறுவது இரண்டு இடத்தில். ஒன்று, சொல்லின் வடிவத்தைப் பார்த்து முதலிலேயே முடிவு கட்டுவது. மற்றது, அகராதியைத் திறக்காமல் விடுவது.

கன்னியாகுமரி படகுத்துறையில் இப்படி ஒரு அறிவிப்பு என்று வையுங்கள்: 'த ஃபெர்ரி ஹேஸ் பீன் கால்டு ஆஃப் பிகாஸ் த சீ இஸ் ரஃப்.' 'கால்' என்பதைப் பிடித்துக்கொண்டவன் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பான். 'பிகாஸ்' பக்கம் போனவன் கடல் கொந்தளிப்பு, படகு இல்லை என்று பிடித்துவிடுவான்.

குழித்துறை டீச்சர்:
படகு இல்லை, சரி. இன்றைக்கு இனி இல்லையா, கொஞ்சம் கழித்து உண்டா? 'கால் ஆஃப்' என்றால் ரத்து, 'புட் ஆஃப்' என்றால் தள்ளிவைப்பு. உங்கள் வாக்கியத்தில் இரண்டில் எதை வைத்தாலும் பொருந்துகிறது. காத்திருப்பதா, டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்பதா என்பது அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. இடம் தருவது உத்தேசப் பொருள். வேலைக்கு வேண்டியது சரியான பொருள்.

தக்கலை வாசகன்:
ஒரே வாக்கியத்தை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். 'புட் ஆஃப்' பெரும்பாலும் 'டில் ஃபோர்', 'டில் மண்டே' என்று ஒரு வாலோடு வரும். 'கால் ஆஃப்' அப்படி வராது. நாலைந்து இடத்தில் பார்த்தவனுக்கு அந்த வாலே அடையாளம். பட்டியலில் வால் எங்கே இருக்கிறது?

குளச்சல் கடற்காற்று:
அப்படியானால் அந்த வாலோடு சேர்த்தே நோட்டில் எழுதட்டும். வகுப்பில் பலன் தருவது இதுதான்: அட்டையின் முன்பக்கம் முழு வாக்கியம், தொடர் வரும் இடத்தில் கோடு. பின்பக்கம் அந்தத் தொடர். நாளுக்கு 8 அட்டை போதும், 30 வேண்டாம். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தொன்றாம் நாள் திரும்பப் பார்க்க வேண்டும். தவறினால் அந்த அட்டை மறுபடி முதல் நாளுக்குப் போக வேண்டும். 'லுக் ஃபார்', 'லுக் ஆஃப்டர்' போல ஒத்த முகம் உள்ளவற்றை ஒரே நாளில் கொடுக்காதீர்கள். ஒன்று நிலைக்கும் முன்னே மற்றது வந்து குழப்பிவிடும்.

குழித்துறை டீச்சர்:
அட்டை எனக்குச் சம்மதம். ஆனால் அடிப்படைச் சொல் 2000 கைவசம் வரும்வரை பட்டியலும் வேண்டும். ஆங்கிலக் கல்வியாளர் மைக்கேல் வெஸ்ட் 1953-ல் தொகுத்த சொற்பட்டியலும் ஏறத்தாழ அந்த அளவுதான். அவர் பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில், டாக்காவில் பாடம் சொன்னவர். நம் நாட்டுப் பிள்ளைகளின் கஷ்டம் அவருக்குத் தெரியும்.

தக்கலை வாசகன்:
2000 வரை பட்டியல், ஒத்துக்கொள்கிறேன். தமிழ்ப்பொருள் எழுதுவதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். மனம் தமிழ் வழியாகவே சுற்றி வரும், பேச்சு தடைப்படும்.

குழித்துறை டீச்சர்:
தமிழ்தான் காப்பாற்றுகிற இடமும் உண்டு. விடுதியில் தங்கியவர் 'வுட் யூ மைண்ட் டர்னிங் த ஃபேன் டவுன்?' என்று கேட்கிறார். நம் பையன் 'யெஸ்' என்று சொல்லி ஃபேனைக் குறைக்கிறான். சொன்னது மறுப்பு, செய்தது உதவி. வந்தவர் செயலைப் பார்த்துப் புரிந்துகொண்டு பேசாமல் இருந்துவிடுவார். காரியம் நடந்துவிட்டதால் பிழை அவன் காதுக்குத் திரும்பி வராது. நூறு முறை அதே இடத்தில் நின்றாலும் திருந்த வழியில்லை. அட்டையின் பின்பக்கம் தமிழில் ஒரு வரி எழுதுங்கள்: 'ஃபேனைக் குறைத்தால் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?' இப்போது அவன் வாயில் தானாக 'இல்லை' வரும். ஆங்கிலத்திலும் சொல்ல வேண்டியது அந்த 'நோ'தான்.