போர்டுதான் போச்சா? ஃபிரிட்ஜ் பழுது பார்த்த பலர் மாறி மாறிப் பகிர்ந்த அனுபவங்கள்

ஃப்ரீசரில் ஐஸ் நன்றாகக் கட்டுகிறது, கீழ் அறையில் மட்டும் குளிர்ச்சியே இல்லை என்று ஒரு வீட்டிலிருந்து அழைத்தார்கள். எனக்கு முன்னால் வந்து பார்த்தவர், "மெயின் போர்டு போயிடுச்சு, மாத்தணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜில் (பனியைத் தானே கரைத்துக்கொள்ளும் வகை) இந்த அறிகுறி இருந்தால் நான் போர்டு பக்கமே போவதில்லை. முதலில் ஃப்ரீசரின் பின்பக்கத் தகட்டைக் கழற்றுவேன். இங்கே கூலிங் காயில் முழுக்கப் பனி மூடியிருந்தது. காற்று புகவே வழியில்லை, பிறகு கீழே எப்படிக் குளிர் இறங்கும்?

டிஃப்ராஸ்ட், அதாவது ஹீட்டர் சூடேறிக் காயிலின் பனியைக் கரைப்பது, நடக்கவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹீட்டரை மீட்டரில் பார்த்தேன், நன்றாக இருந்தது. பைமெட்டலும் (குளிரில் மூடி, சூடேறினால் திறக்கும் சுவிட்ச்) பனியோடு இருக்கும்போதே கன்டினியூட்டி காட்டியது, அதாவது கரன்ட் போக வழி இருந்தது. அளவுமீறிச் சூடானால் அறுந்துபோகும் தெர்மல் ஃபியூஸ்தான் ஓபன், அதில் கரன்ட் போக வழியில்லை. அதை மாற்றி, ஃபோர்ஸ் டிஃப்ராஸ்ட் கொடுத்ததும், அதாவது டிஃப்ராஸ்டை நானே தொடங்கிவைத்ததும், போர்டில் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) டக்கென்று இழுத்தது, ஹீட்டர் சூடேறியது. அந்த போர்டைக் குப்பையில் போட்டிருந்தால் எவ்வளவு வீண்!

* * *

அண்ணா, ஃபியூஸ் ஏன் போனது என்று பார்த்தீர்களா? சூடேறியதும் பைமெட்டல் தொடர்பை விட வேண்டும். விடாமல் ஒட்டிக்கொண்டால் புது ஃபியூஸும் போய்விடும்.

இன்னொன்று, புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். பைமெட்டலைக் கழற்றி மேசையில் வைத்து மீட்டர் பிடித்தால் ஓபன் என்றுதான் காட்டும். அது பழுதில்லை. கடுங்குளிரில்தான் அது மூடும், அறை வெப்பத்தில் திறந்தே இருக்கும். இது தெரியாமலேயே எத்தனையோ நல்ல பைமெட்டல்கள் தூக்கி எறியப்படுகின்றன.

* * *

பார்த்தேன் தம்பி. பனி கரைந்து காயில் சூடான பிறகும் பழைய பைமெட்டல் விடவில்லை. அதனால் இரண்டையும் சேர்த்தே மாற்றினேன். பல மாடல்களில் இரண்டும் ஒரே வயரில்தான் வருகின்றன.

* * *

நான் போர்டு மட்டும் சர்வீஸ் செய்கிறவன். 'டெட்' என்று வரும் போர்டுகளில் நான் முதலில் பார்ப்பது ஃபியூஸையும் அதற்கடுத்த வேரிஸ்டரையும் (அதிக மின்னழுத்தத்திலிருந்து போர்டைக் காக்கும் பாகம்). மின்னழுத்தம் திடீரென்று எகிறும்போது வேரிஸ்டர் ஷார்ட் ஆகி ஃபியூஸை எரித்துவிடும். ஃபியூஸை மட்டும் மாற்றி பவர் கொடுத்தால் அதுவும் அடுத்த நொடியே போகும். அதனால் எப்போதும் சீரிஸ் பல்பு (சப்ளை வயரின் இடையே மாட்டிய பல்பு) வழியாகத்தான் பவர் கொடுப்பேன். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

பெரிய கெபாசிட்டரில் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகம்) ஜாக்கிரதை. 230 வோல்ட் சப்ளையில் அதன் மேல் ஏறக்குறைய 325 வோல்ட் டிசி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில போர்டுகளில் அது இறங்காது. டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள்.

ஃபியூஸும் வேரிஸ்டரும் சரியாக இருந்தால் அடுத்து 12 வோல்ட், 5 வோல்ட் லைன்கள். 12 வோல்ட் லைனில் கெபாசிட்டர் தலை உப்பியிருந்தால், ரிலே இழுக்கிற நேரத்தில் வோல்டேஜ் விழும். ரிலே படபடவென்று அடிக்கும், கம்ப்ரசர் எடுக்காது. ரிலே கால்களில் சால்டர் விரிசல் விட்டிருந்தாலும் ஏறக்குறைய இதே தொல்லைதான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் காலைச் சுற்றி வளையம் தெரியும்.

* * *

நான் டெக்னீஷியன் இல்லை, வீட்டு ஃபிரிட்ஜில் நடந்ததைச் சொல்கிறேன். வெப்பநிலை சென்சார் எரர் வந்தது. சென்சாரைக் கழற்றிப் பனிக்கட்டி கலந்த தண்ணீரில் போட்டு அளந்தேன். 0 டிகிரிக்கு அந்த மாடலின் சர்வீஸ் அட்டவணையில் இருந்த ஓம்ஸ் அப்படியே வந்தது. ஆனால் போர்டு பக்கக் கனெக்டரில் அளந்தால் ரீடிங் குதிக்கிறது. கனெக்டர் பின்னில் பச்சையாகத் துரு பிடித்திருந்தது. சுத்தம் செய்ததோடு எரர் போனது.

* * *

ஐயா, மிகச் சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். எரர் கோடு சொல்வது அந்தப் பாதையை, அந்தப் பாகத்தை மட்டுமல்ல. கதவில் டிஸ்பிளே உள்ள மாடலில் கதவைத் திறக்கும்போது மட்டும் டிஸ்பிளே அணைகிறதா? ஹிஞ்ச் வழியாகப் போகும் வயரைப் பாருங்கள். வளைந்து வளைந்து உள்ளே கம்பி அறுந்திருக்கும், மேல் உறை முழுதாகவே இருக்கும். மீட்டரை மாட்டிக்கொண்டு கதவை ஆட்டினால் பிடிபட்டுவிடும்.

இன்வெர்ட்டர் மாடல் (கம்ப்ரசரின் வேகத்தை போர்டே கூட்டிக் குறைக்கும் ஃபிரிட்ஜ்) வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கம்ப்ரசரின் மூன்று பின்களை இரண்டிரண்டாக அளந்தால் மூன்று ரீடிங்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். எந்தப் பின்னும் பாடியோடு கன்டினியூட்டி காட்டக்கூடாது. இது சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால் மட்டும் இன்வெர்ட்டர் போர்டைச் சந்தேகப்படுங்கள். சாதாரண கம்ப்ரசருக்குச் செய்வதுபோல நேரடியாக மெயின் கரன்ட் கொடுத்துச் சோதிக்கவே சோதிக்காதீர்கள். நல்ல கம்ப்ரசரும் அதில் எரிந்துவிடும்.