200 லீற்றர் தொட்டியில் சோளக் கூழ் 30 மணித்தியாலத்தோட நிக்குது, சக்கையும் ரெண்டு நாளில் பூஞ்சணம்

கனகராயன்கரை:
வணக்கம். வவுனியா வடக்குச் சோளத்தில் எதனோல் எடுத்துப் பார்க்கிற சின்னப் பரிசோதனை ஆலை. மதுவரி அனுமதி இருக்கு, கேள்வி அதில இல்லை. 304 ஸ்டீல் தொட்டி, சுத்திவர ஜக்கெட் (ஆத்தத் தண்ணி ஓடுற வெளிக்கூடு), அதுக்குத் தண்ணி கூரைத் தாங்கியில இருந்து வருது.

ஒருக்காப் போடுறது 60 கிலோ சோளம், மா மில்லில் நைசா அரைச்சது. ஆல்ஃபா அமைலேஸ் (மாப்பொருளை உடைக்கிற நொதியம்) போட்டு 85 பாகையில் 90 நிமிசம், பிறகு 32க்கு ஆத்தி குளுக்கோ அமைலேஸும் (அதைச் சீனியாக்கிற நொதியம்) ஈஸ்ற்றும். முதல் நாள் நல்லா நுரைக்கும். 30 மணித்தியாலத்தோட அடங்கிடும், பிறிக்ஸ் (சீனி அளக்கிற கருவியில வாற எண்) 10இல நிக்கும், புளிச்ச தயிர் மணம். மத்தியானத்தில 38 பாகை காட்டுது. வடிச்ச பிறகு மிஞ்சிறதைத் துணியில பிழிஞ்சால் சேறு மாதிரி வருது. அக்கம்பக்கத்தில மாடு வைச்சிருக்கிற ஆக்கள் சக்கை கேக்கினம், குடுக்கலாமோ?

பாலியாறு:
பிறிக்ஸ் 10 எண்டதை முதலில மறந்துவிடுங்கோ. அந்தக் கருவி அளக்கிறது ஒளி வளையிறதை. அற்ககோலும் வளைக்கும், கிளிசரோலும் கரைஞ்ச புரதமும் வளைக்கும். முழுசாப் பொங்கி முடிஞ்ச கூழே 8, 9 காட்டும். மாப்பொருள் மிச்சமோ எண்டு பார்க்க, ஆறின கூழில ஒரு சொட்டு எடுத்து வெள்ளைக் கோப்பையில அயடீன் விடுங்கோ. நீலம் எண்டால் 85 பாகையில வேலை முடியேல்லை. சீனி மிச்சமோ எண்டதுக்கு, வடிகட்டி ஐஞ்சு மடங்கு ஐதாக்கி நீரிழிவுக்காரர் பாவிக்கிற குளுக்கோஸ் மீற்றரில பாருங்கோ. சில பட்டி மோல்டோஸ் எண்ட மற்றச் சீனியையும் சேர்த்துக் காட்டும், ஆனாப் போக்குத் தெரியும்.

கணக்கு இது: 60 கிலோ சோளம், ஈரம் 14 வீதம், உலர்நிறையில 70 வீதம் மாப்பொருள் எண்டால் 36 கிலோ. அது 40 கிலோ குளுக்கோஸ், அதில இருந்து ஆகக்கூடினது 20 கிலோ, அதாவது 26 லீற்றர் எதனோல். 23 வந்தால் தொட்டியில குறை இல்லை. எத்தினை லீற்றர் எடுத்தனீங்கள் எண்டு எழுதாமல் ‘நிக்குது’ எண்டால் ஆர் என்ன சொல்லிறது?

ஆனாத் தயிர் மணம் பொய் சொல்லாது. அது லக்டிக் பக்டீரியா. லக்டிக் அமிலம் 0.8 வீதம், அசற்றிக் 0.05 வீதம் தாண்டினால் ஈஸ்ற் சோரும். அற்ககோலும் ஏறி 38 பாகையும் எண்டால் படுத்திடும். பிஎச் (புளிப்பு அளவு, குறையக் குறையப் புளிப்புக் கூட) 3.8க்குக் கீழ இறங்கினால் பக்டீரியாவைத்தான் சந்தேகிக்க வேணும்.

ஈஸ்ற்றைப் பின்னேரம் 3 மணிக்குப் போடுங்கோ. பத்துத் தொடக்கம் இருபதாம் மணித்தியாலத்திலதான் சூடு உச்சம், அது நடுச்சாமத்துக்குப் பிறகு தொடங்கி மத்தியானத்துக்கு முதல் முடிஞ்சிடும். குளுக்கோ அமைலேசைப் பாதி முதலில, பாதி 12 மணித்தியாலம் கழிச்சு விட்டால் சீனி குவியாது. உலர் ஈஸ்ற் 150 கிராம் காணும், 38 பாகைத் தண்ணியில 15 நிமிசம் ஊறவிட்டுப் போடவேணும். ஈஸ்ற்றுக்குச் சாப்பாடா யூரியா 120 கிராம். புளிப்பு நிக்குமட்டும், சக்கையைப் பிழிய வாற வடிநீரைத் திருப்பிக் கூழுக்கு விடாதேங்கோ. புளிப்பு இல்லாத காலத்தில கூழ்த் தண்ணியில 30 வீதம் மட்டும் விடலாம்.

நட்டுப்போல்ட்:
சூடு பற்றி ஒண்டு. 40 கிலோ குளுக்கோஸ் பொங்க வாற வெப்பத்தை வெளியில எடுக்காட்டில் 200 லீற்றர் கூழ் 25 பாகை ஏறும். உச்ச நேரத்தில 300 வாட் அளவுதான், சின்ன வேலை. வெயிலில காயிற கூரைத் தாங்கித் தண்ணியால அதைக்கூடச் செய்ய ஏலாது, பங்குனி சித்திரையில ஜக்கெட் ஆத்தாது, சூடாக்கும். நேரே கிணத்தில இருந்து ஒரு சின்னப் பம்பால ஓட்டுங்கோ. எங்கட பக்கத்துக் கிணத்துத் தண்ணி சவர், கல்லுப் பிடிக்கும். மாசத்தில ஒருக்கா 3 வீதச் சிற்றிக் அமிலத்தை 50 பாகையில ஜக்கெட்டுக்குள்ள சுத்தவிடுங்கோ.

புளிப்பு வாற இடம் அனேகமா வால்வ். போல் வால்வில உருண்டைக்குப் பின்னால கூழ் தங்கும், கழுவிற கோஸ்டிக் சோடா அங்க போகாது. கழுவேக்க அரைவாசி திறந்து நாலைஞ்சு தரம் ஆட்டவேணும். ஏலுமெண்டால் அடி வால்வையும் மாதிரி எடுக்கிற குழாயையும் பட்டர்ஃபிளை வால்வா மாத்துங்கோ.

கழுவிற ஒழுங்கு: தண்ணி, 2 வீதக் கோஸ்டிக் சோடா 75 பாகையில 30 நிமிசம், தண்ணி, பிறகு 1 வீதப் பொஸ்பரிக் அமிலம். குளோரின் கலந்த தண்ணியை 304இல இரவு முழுக்க விட்டால் ஊசிக்குத்து மாதிரித் துளை விழும்.

கோஸ்டிக் விடமுதல் தொட்டிக்குள்ள இருக்கிற காபனீரொட்சைட்டைக் காத்து ஊதிக் கட்டாயம் வெளியேத்துங்கோ. கோஸ்டிக் அந்த வாயுவை உறிஞ்சும், மூடின தொட்டிக்குள்ள வெற்றிடம் வந்து சுவர் உள்ளுக்கு நசுங்கும். மேல் மூடி திறந்திருக்கோணும். ஒரு தரம் போடுறதில வாற வாயு பத்துக் கன மீற்றர். அது நிலத்தோட தங்கும். அறைக் கதவு திறந்து வைக்கவேணும், தொட்டிக்குள்ள தலை விடக்கூடாது.

தண்ணிமுறிப்பு:
சேறு மாதிரி வாறதுக்குக் காரணம் மா மில். அவ்வளவு நைசா அரைச்சால் பிழிய ஏலாது. சுத்தியல் மில்லில 2 அல்லது 3 மில்லிமீற்றர் அரிதட்டுப் போட்டு அரைச்சால் சக்கை உதிரியா வரும், திருகு அச்சில பிழிஞ்சால் மூண்டில ஒரு பங்கு திண்மம் கிடைக்கும். அதை விடப் பெரிசா அரைச்சால் மாப்பொருள் சக்கையோட போகும், அதுவும் நட்டம்.

குடுக்க முதல் சோளத்தைப் பாருங்கோ. மாரியில நனைஞ்ச, பூஞ்சணம் பிடிச்ச சோளத்தில அஃப்லடொக்சின் எண்ட பூஞ்சண நஞ்சு இருந்தால் காய்ச்சினாலும் போகாது. மாப்பொருள் போய் மிச்சம் மூண்டில ஒரு பங்காச் சுருங்கேக்க நஞ்சு மூண்டு மடங்காகும், பிறகு பாலிலயும் வரும். நல்ல சோளம் எண்டால் பயமில்லை, உலர்நிறையில புரதம் 27 தொடக்கம் 30 வீதம், புண்ணாக்குக்குப் பதிலாப் போகும். ஒரு நாளைக்கு 8 கிலோ உலர் தீனி தின்னிற கறவைக்கு 4 கிலோ ஈரச் சக்கை, ஒரு கிழமையில மெல்ல மெல்லக் கூட்டி. பொஸ்பரஸ் கூட, கல்சியம் குறைவு, அதால கனியுப்புக் கலவை வேணும். பிஎச் இறக்கக் கந்தக அமிலம் பாவிக்கிறீங்கள் எண்டால் அளவா விடுங்கோ, கந்தகம் கூடினால் மாட்டுக்கு மூளை நோய் வரும்.

ரெண்டு நாளுக்கு மேல வைக்க 100 கிலோ சக்கைக்கு 12 தொடக்கம் 15 கிலோ வெட்டின வைக்கோல் கலந்து பீப்பாவில காத்துப் போகாமல் மிதிச்சு மூடுங்கோ. சீமெந்து நிலத்தில காயவிடுறது எண்டால் ஒரு அங்குலத்துக்குள்ள பரப்பி மணித்தியாலத்துக்கொருக்காக் கிளறவேணும், மழைக் காலத்தில அதை நினைக்கவே வேண்டாம். அடுப்பில காயவைச்சு நிறம் பொன்னில இருந்து கோப்பித் தூள் மாதிரி வந்தால் புரதத்தில இருக்கிற லைசீன் எண்ட சத்து எரிஞ்சு போச்சு. வடிநீரை வத்தக் காய்ச்சின பாணியைச் சக்கையோட கலக்கிறதெண்டால் கொஞ்சம் கொஞ்சமா விடுங்கோ, ஒரேயடியா ஊத்தினால் உருண்டை உருண்டையா வெளியில காய்ஞ்சு உள்ளுக்க பச்சையா நிக்கும்.

கனகராயன்கரை:
நன்றி. எடுத்தது 17 லீற்றர். அயடீன் நீலம் காட்டேல்லை, பிஎச் 3.6. வால்வ் போல் வால்வ்தான்.

பாலியாறு:
அப்ப ஈஸ்ற்றைப் பக்டீரியாதான் சோரவைக்குது, 85 பாகை வேலையில பிழை இல்லை. வால்வைக் கழட்டி மணந்து பாருங்கோ.