ரைஃபிளுக்குக் குறைந்த செலவில் டிரைபாட்: எதற்குச் செலவிடுவது, எதை விட்டுவிடலாம்?

கேட்டவர்:

வணக்கம். தாள் இலக்குகளையும் இரும்புத் தகட்டு இலக்குகளையும் நின்றபடியும் அமர்ந்தபடியும் சுட்டுப் பழகுவதற்காக ஒரு டிரைபாட் (மூன்று கால் தாங்கி) வாங்க எண்ணியிருக்கிறேன். ஸ்கோப்புடன் சேர்த்து 5 கிலோவை நெருங்கும் .22 ரிம்ஃபயர் ரைஃபிள் ஒன்றும், ஸ்பிரிங் விசையால் காற்றை அழுத்திச் சுடும் ஸ்பிரிங் பிஸ்டன் வகை ஏர் ரைஃபிள் ஒன்றும் என்னிடம் உள்ளன. இப்போதைக்குப் படமெடுக்க வாங்கிய அலுமினிய டிரைபாடைத்தான் பயன்படுத்துகிறேன். அது 8 கிலோ தாங்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் 50 மீட்டர் இலக்கைப் பார்க்கும்போது ஸ்கோப்பின் குறுக்குக்கோடு ஓரிடத்தில் நிற்பதில்லை. விசையில் விரல் பட்டதுமே இடமும் வலமுமாக ஆடத் தொடங்கி, அடங்குவதற்கு நெடுநேரம் எடுத்துக்கொள்கிறது. ரைஃபிளுக்கென்றே தயாராகும் கார்பன் ஃபைபர் டிரைபாடுகளின் விலை எனக்கு எட்டாது. குறைந்த செலவில் உறுதியான ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதல் மறுமொழி:

ஒன்றை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பன்னாட்டுத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனமான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிகளின்படி நடக்கும் ரைஃபிள் போட்டிகளில் டிரைபாடின் மேல் துப்பாக்கியைத் தாங்கிச் சுட முடியாது. உங்கள் இலக்கு அந்தப் போட்டிகள் என்றால் இந்தச் செலவே வேண்டாம். களநிலைகளிலிருந்து சுடும் பிரிசிஷன் ரைஃபிள் வகைப் போட்டிகளுக்கோ சொந்தப் பயிற்சிக்கோ என்றால் மேலே பேசலாம்.

பெட்டியில் உள்ள எடைக் கணக்கை நம்பி வாங்க வேண்டாம். அந்த எண்ணை எப்படி அளக்க வேண்டும் என்பதற்கு எல்லா நிறுவனங்களும் ஏற்றுக்கொண்ட பொது முறை எதுவும் இல்லை. மேலிருந்து நேராக அழுத்தும் சுமையில் டிரைபாட் ஒடியாது என்பதைத்தான் பெரும்பாலும் அது சொல்கிறது. நமக்கு வேண்டியது முறுக்கத்தையும் பக்கவாட்டு அசைவையும் எதிர்க்கும் விறைப்பு. அதைப் பெட்டியின் மேல் யாரும் அச்சிடுவதில்லை.

ஆகவே, வாங்குவதற்கு முன் உங்களிடம் உள்ளதில் ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். மேகசினைக் கழற்றி, தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து ரைஃபிளைப் பூட்டுங்கள். ஸ்கோப்பின் வழியே பார்த்தபடி ஸ்டாக்கின் (துப்பாக்கியின் உடற்கட்டை) பின்முனையை விரலால் இலேசாகத் தட்டி, குறுக்குக்கோடு அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அடுத்து நடுத்தண்டை (உயரம் கூட்ட நடுவில் ஏற்றி இறக்கும் கம்பம்) முழுக்க இறக்கிவிட்டுத் தட்டுங்கள். அதன்பின் ஒவ்வொரு காலிலும் தரையைத் தொடும் மெல்லிய பகுதியை உள்ளே தள்ளிவிட்டுத் தட்டுங்கள். கடைசியாக, ரைஃபிளைக் கழற்றி வைத்துவிட்டு, ஹெட்டை (கால்களுக்கு மேல் துப்பாக்கியைத் தாங்கும் தலைப்பகுதி) கையால் பற்றிக் கடிகார முள் திசையிலும் எதிர்த்திசையிலும் மெல்ல முறுக்குங்கள். மூன்று கால்களும் மேலே வந்து சேரும் இடத்தில் ஒரு சிறு நெகிழ்வு உங்கள் கைக்குத் தெரியக்கூடும். அங்குள்ள திருகுகளை ஆலன் சாவியால் இறுக்கினாலே பாதிக் குறை தீர்ந்த டிரைபாடுகளைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் மறுமொழி:

மேலே நண்பர் சொன்னது முற்றிலும் சரி. வாங்கும்போது கவனிக்க வேண்டியதை நான் சொல்கிறேன்.

கார்பன் ஃபைபரா, அலுமினியமா என்ற கேள்விக்கு நான் முதலிடம் தர மாட்டேன். கார்பன் எடை குறைவானது, அதிர்வையும் விரைவில் அடக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மெல்லிய கால்களைக் கொண்ட மலிவான கார்பன் டிரைபாடைவிடத் தடித்த கால்களைக் கொண்ட அலுமினிய டிரைபாட் நன்றாக நிற்கும். சுவரின் கனம் ஒன்றாகவே இருந்தால், குழாய் வளைவதை எதிர்க்கும் திறன் ஏறத்தாழ விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கு (விட்டம் × விட்டம் × விட்டம்) ஏற்பக் கூடும்; அதாவது 22 மி.மீ. குழாயைவிட 32 மி.மீ. குழாய் சுமார் 3 மடங்கு விறைப்பானது. விளம்பரத்தில் வருவது எப்போதும் மேற்குழாயின் அளவுதான். அதனுள் நுழையும் ஒவ்வொரு குழாயும் 3 முதல் 4 மி.மீ. வரை குறுகிக்கொண்டே போவதால், மேலே 32 என்று தொடங்கும் நான்கு பகுதிக் கால், தரையைத் தொடும்போது 22 மி.மீ. அளவுக்கு வந்துவிடும். எனவே மூன்று பகுதிக் கால்களையே தேடுங்கள். மடித்தால் சற்று நீளமாக இருக்கும் என்பதைத் தவிர அதில் குறையில்லை, விலையும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

நடுத்தண்டு இல்லாததையோ அதைக் கழற்றிவிடக் கூடியதையோ தேர்ந்தெடுங்கள். உயர்த்திய நடுத்தண்டின் மேல் ரைஃபிளை வைத்தால், கீழே மூன்று கால்கள் இருந்தும் பயனில்லாமல் அது ஒற்றைக்கால் தாங்கியாகவே நடந்துகொள்ளும்.

மூன்றாம் மறுமொழி:

இதுவரை யாரும் சொல்லாத ஒரு வழி இருக்கிறது. நில அளவைக் கருவிகளைத் தாங்கும் டிரைபாடுகளைப் பாருங்கள், குறிப்பாக மரக்கால்களைக் கொண்டவற்றை. மில்லிமீட்டர் பிசகினாலும் வேலை கெட்டுப்போகும் கருவிகளுக்காகவே செய்யப்படுபவை என்பதால் முறுக்கத்தை மிக நன்றாக எதிர்க்கின்றன. மரம் அதிர்வையும் விழுங்கிவிடும். பழையதாக வாங்கினால் செலவு இன்னும் குறையும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எடை 6 கிலோ அளவில் இருக்கும். காலை முழுதாகச் சுருக்கினாலும் ஏறக்குறைய 1 மீட்டர் நீளம் இருப்பதால், அமர்ந்து சுடுவதற்கு அவ்வளவாக உதவாது. குறிப்பிட்ட கோணத்தில் காலை நிறுத்தும் பூட்டு இல்லாததால், வழுவழுப்பான தரையில் கால்கள் விரிந்து சரியாமல் இருக்க மூன்றையும் ஒரு சங்கிலியால் பிணைக்க வேண்டும். தலைப்பகுதியில் இருப்பது 5/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 11 புரியும் உள்ள திருகு. படமெடுக்கும் ஹெட்டுகளுக்கு உரியது 3/8 அங்குல, 16 புரி. இரண்டையும் இணைக்கும் சிறு மாற்றுத்துண்டு தனியே கிடைக்கிறது. நின்று சுடுவதற்கு மட்டும் என்றால் இந்தச் செலவில் இதைவிட உறுதியான ஒன்றை நான் கண்டதில்லை.

கேட்டவர்:

மூவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடியே ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். நடுத்தண்டை இறக்கியதும் ஊசலாட்டம் பெரிதும் குறைந்தது. கால்கள் சேரும் இடத்திலும் நெகிழ்வு இருந்தது, இறுக்கிவிட்டேன். மிஞ்சிய ஆட்டம் ஹெட்டிலும் அடிக்குழாய்களிலும் இருப்பதாகத் தெரிகிறது. நான் அமர்ந்தும் சுடுவதால், மூன்று பகுதி அலுமினியக் கால்களை வாங்கலாம் என்று முடிவுசெய்திருக்கிறேன். இரண்டு ஐயங்கள் உள்ளன. அதன் மேல் எந்த வகை ஹெட்டைப் பொருத்துவது? ஏர் ரைஃபிளையும் அதிலேயே பூட்டிச் சுடலாமா?

இரண்டாம் மறுமொழி அளித்தவர்:

ஹெட்டைப் பொறுத்தவரை இணைப்புகள் குறையக் குறைய உறுதி கூடும். சமதளத்தில் இலக்குகள் இருந்தால் பால் ஹெட்டே (உலோக உருண்டையின் மேல் எப்பக்கமும் திரும்பும் ஹெட்) வேண்டாம். எல்லாப் பக்கமும் 15 பாகை அளவுக்குச் சாயும் லெவலிங் பேஸ் போதும். மேடு பள்ளமான இடமென்றால், உருண்டையின் விட்டம் 44 மி.மீ.க்குக் குறையாத பால் ஹெட்டைப் பாருங்கள். ஹெட்டின் கிளாம்ப், ரைஃபிளின் அடியில் பொருத்தும் சுமார் 38 மி.மீ. அகலமுள்ள ஆர்க்கா தண்டவாளத்தைப் பிடிப்பதாக இருக்கட்டும். இந்த அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் இம்மியளவு மாறுவதால், மலிவாக வாங்குபவருக்கு லீவர் கிளாம்பைவிடத் திருகி இறுக்கும் கிளாம்பே பாதுகாப்பானது. பூட்டியபின் ரைஃபிளை ஒருமுறை மேல்நோக்கி இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும். எடை சமநிலையாகும் புள்ளியில் பூட்டுங்கள். அப்போதுதான் ஹெட்டின் மேல் திருப்பு விசை குறையும்.

முதல் மறுமொழி அளித்தவர்:

ஏர் ரைஃபிளை எக்காரணம் கொண்டும் கிளாம்பில் பூட்டிச் சுடாதீர்கள். ஸ்பிரிங் பிஸ்டன் வகையில், பெல்லட் (ஏர் ரைஃபிளின் சிறு குண்டு) குழலைவிட்டு வெளியேறும் முன்பே பிஸ்டனின் ஓட்டத்தால் துப்பாக்கி பின்னுக்கும் முன்னுக்குமாக உதைக்கிறது. அந்த அசைவு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நிகழ்ந்தால்தான் பெல்லட்டுகள் ஓரிடத்தில் விழும். இறுகப் பூட்டினால் தாக்கும் இடமே மாறிவிடும், இலக்கில் விழும் துளைகளின் குழுமமும் சிதறும். ஹெட்டின் மேல் ஒரு தட்டையான தகட்டைப் பொருத்தி, அதன் மேல் மென்மையான பையை வைத்து, பையின் மேல் உள்ளங்கையை விரித்து, அதில் ரைஃபிளைத் தளர்வாகக் கிடத்திச் சுடுங்கள். முன்பே அழுத்திய காற்றால் இயங்கும் பி.சி.பி. வகைக்கு இந்தத் தொல்லை கிடையாது.

மிஞ்சிய ஆட்டத்தைப் பற்றியும் ஒன்று. ஹெட்டிலிருந்து தோள் வரை அரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோள்பக்கம் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே குறி 1 மில்லிரேடியன் விலகும், அதாவது 50 மீட்டரில் 5 செ.மீ., 100 மீட்டரில் 10 செ.மீ. ஆகவே அமர்ந்து சுடும்போது முழங்காலுக்கும் ஸ்டாக்குக்கும் இடையில் ஒரு மணல் பையைச் செருகுங்கள். விலையுயர்ந்த டிரைபாட் காலை வாங்குவதைவிட அது கூடுதல் பலன் தரும். நின்று சுடும்போது டிரைபாடின் ஒரு காலை இலக்கை நோக்கி வைத்து, உடலை முன்பக்கம் சாய்த்து மெல்ல அழுத்துங்கள். இரு கால்கள் முன்னால் இருந்தால், டிரைபாட் கவிழும் கோடு அதன் மையத்திலிருந்து பாதித் தொலைவிலேயே வந்துவிடும்.

மூன்றாம் மறுமொழி அளித்தவர்:

நடுவில் எடை தொங்கவிடுவதாக இருந்தால், பை தரையைத் தொட்டபடி இருக்கட்டும். அந்தரத்தில் தொங்கினால் காற்றில் ஆடி, அந்த ஆட்டத்தைக் கால்களுக்குக் கடத்திவிடும். புற்றரையிலும் மண்ணிலும் ரப்பர் பாதங்களைக் கழற்றிவிட்டுக் கூர்முனைகளைப் போடுங்கள். மேல்பாரம் அதிகமாகிவிடுவதால், பூட்டிய ரைஃபிளைக் கைவிட்டு ஒரு நொடியும் நகர வேண்டாம். நகர வேண்டியிருந்தால் அறையைக் காலிசெய்து, துப்பாக்கியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுப் போங்கள்.