பாரிஸில் ஒரு வாரம்: புரட்சி நடந்த இடங்களைப் பார்க்க வழி சொல்லுங்கள்

கோண்டாவில் ஆசிரியை:
ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியை நான். வைகாசியில் பாரிஸ் புறநகரான லா கூர்னெவ்வில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறேன். எங்கள் ஊரிலிருந்து பாரிஸ் போனவர்களைக் கேட்டால் சாமத்தியவீடு, பிறந்தநாள் விருந்து, லாச்சப்பல் தமிழ்க் கடைகள், ஈபிள் கோபுரத்தின் முன்னால் ஒரு படம் என்கிறார்கள். எனக்கு அது போதாது. பிரெஞ்சுப் புரட்சியை எத்தனையோ வகுப்புகளுக்குப் படிப்பித்தவள். 1789 ஜூலை 14 அன்று மக்கள் கைப்பற்றிய பஸ்தில் சிறை இருந்த மண்ணை மிதிக்க வேண்டும். தம்பிக்கு வேலை, தனியாகத்தான் சுற்றுவேன். முழங்கால் வலி, படிகள் ஆகாது. ஒரு வாரத்தில் என்னென்ன பார்க்கலாம்?

லாச்சப்பல் வாசி:
அக்கா, மெற்றோவை முடிந்தவரை தவிருங்கள். பெரும்பாலான பழைய நிலையங்களில் படிதான். 69ஆம் இலக்க பஸ்ஸில் ஏறுங்கள். ஈபிள் கோபுரத்தருகே புறப்பட்டு, லூவர் அருங்காட்சியகத்தின் ஓரமாக வந்து, பஸ்தில் சதுக்கம் வழியாகப் போகும். சதுக்கத்தில் நிற்கும் தூணை 1789க்கு உரியது என்று பலர் நினைக்கிறார்கள். அது 1830 புரட்சிக்கு எழுப்பியது. சிறையை 1789 புரட்சியின்போதே இடித்துவிட்டார்கள். ஆனால் அதன் கோபுரம் ஒன்றின் அடித்தளக் கற்களைச் சேன் நதிக்கரைப் பக்கமுள்ள ஆன்ரி கல்லி என்ற சின்னப் பூங்காவில் வைத்திருக்கிறார்கள். மரநிழலில் வட்டமாகக் கிடக்கும் கற்கள், கூட்டமே இராது. கட்டாயம் போங்கள்.

மானிப்பாய் மாமி:
பிள்ளை, முதலில் விசா அலுவலைப் பார். உன்னைத் தன் வீட்டில் தங்க வைப்பதாகத் தம்பி தன் நகரசபையில் வரவேற்புச் சான்றிதழ் எடுத்து அசலை அனுப்ப வேண்டும். பயணக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி நேரம்வரை இழுக்காதே.

முன்னாள் மாணவன்:
ரீச்சர், கர்னவாலே அருங்காட்சியகத்தை விடாதீர்கள். பாரிஸ் நகரத்தின் சரித்திரம் முழுவதும் அங்கே இருக்கிறது; நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. இடித்த பஸ்தில் சிறையின் கல்லிலேயே செதுக்கிய சிறை மாதிரி ஒன்றும் உண்டு. அதற்கு முன்னால் நின்று நீங்கள் எங்களுக்குச் சொன்ன ஜூலை 14 பாடத்தை நினைத்தேன். அரசி மரி அந்துவானெத்தை அடைத்து வைத்த கொன்சியெர்ஜரிச் சிறை, 1793 ஜனவரி 21 அன்று மன்னர் பதினாறாம் லூயியின் தலையை வெட்டிய கொன்கோர்ட் சதுக்கம், இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். கர்னவாலே திங்களிலும் லூவர் செவ்வாயிலும் பூட்டு.

கோண்டாவில் ஆசிரியை:
தம்பிமாரே, மாமி, மனம் நிறைந்துவிட்டது. பஸ்ஸுக்கு ஒவ்வொரு முறையும் காசு கொடுக்க வேண்டுமா?

லாச்சப்பல் வாசி:
வேண்டாம் அக்கா, நாவிகோ என்ற வாரப் பயண அட்டை எடுங்கள். அது திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும். புதன்கிழமை வாங்கினாலும் ஞாயிறோடு முடிந்துவிடும். ஆகவே சுற்றுவதைத் திங்களில் தொடங்குங்கள். அட்டையில் ஒட்டுவதற்குச் சிறிய புகைப்படம் ஒன்றும் கைப்பையில் இருக்கட்டும்.